யாருடைய தூண்டுதலும் இன்றி

பையை மடியிலயே வெச்சுக்கறேன்க்கா, மேல வேண்டாம். உள்ள ஒரு கவர் இருக்கு. அது கசங்கினா எங்கண்ணன் கல்யாணமே கசங்கிடும். நெஜமாத்தான். நீங்க ஜன்னல் பக்கமே உக்காருங்க. நான் பேசிட்டே வருவேன், தூக்கம் வந்தா தூங்கிடுங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன். கடலை எடுத்துக்கங்க. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல வாங்கினது, காரக் கடலை.

எங்க இறங்கறீங்க? திண்டிவனமா? அப்ப உங்ககிட்ட சொல்லலாம். நீங்க இறங்கி உங்க வேலையைப் பாப்பீங்க, நான் மெட்ராஸ் போயிடுவேன். எங்க தெருவுல ஒருத்தர்கிட்டயும் சொல்ல முடியல. மூணு மாசமா வயித்துக்குள்ளயே வெச்சிருந்து எனக்கு நெஞ்செரிச்சலே வந்துருச்சு.

எங்கண்ணன் பேரு இளஞ்செழியன். ஜெர்மனியில கம்ப்யூட்டர் வேலை. அடுத்த மாசம் பதினாலாந்தேதி அங்க ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அவனுக்குக் கல்யாணம். கட்டிக்கப் போறவர் பேரு நிரோஜன். ஆமாக்கா, ஆம்பளைதான். நீங்க சரியாத்தான் கேட்டீங்க. ஏன் தள்ளி உக்காந்துட்டீங்க? ஓ, வெயிலா. ஸ்கிரீனை இழுத்து விட்டுக்கங்க.

நிரோஜன் அண்ணாவுக்குப் பூர்வீகம் யாழ்ப்பாணம். பொறந்தது ஜெர்மனியில. ஆனா தமிழ் பேசினாருன்னா நம்மெல்லாம் வாயை மூடிக்கணும். "தங்கச்சி, சாப்பிட்டு முடிஞ்சுதோ?"ன்னு கேப்பாரு, அதுக்காகவே நான் இன்னொரு தடவை சாப்பிடுவேன். ரயில்வே இன்ஜினியர். நாலு வருஷமா ரெண்டு பேரும் ஒரே வீடு. அந்த நாட்டுல இதுக்குச் சட்டம் 2017லயே வந்துருச்சு. போய்ப் பேரைக் குடுத்தா, நாள் குடுத்துடுவாங்க.

ஒரு நிமிஷம்க்கா, ஆபீஸ்லேருந்து மெசேஜ். வீட்டுலேருந்து வேலைன்னு சொல்லிட்டு பஸ்ல ஏறிட்டேன்... "பாத்துட்டு சொல்றேன் சார்"னு போட்டாச்சு. ஒரு மணி நேரம் தாங்கும்.

எங்க விட்டேன்? சட்டம். சட்டமெல்லாம் பிரச்சனை இல்லக்கா. பிரச்சனை எங்கப்பா.

எங்கப்பா பத்திரம் எழுதறவரு. சார்பதிவாளர் ஆபீஸ் எதுத்தாப்புல முப்பத்தெட்டு வருஷம். பத்திரம் தங்கராசுன்னா எங்க ஊர்ல கேட்டுப் பாருங்க. அவரு எழுதின பத்திரத்துல அடித்தல் திருத்தல் இருக்காது. இருந்தா பக்கத்துலயே கையெழுத்து இருக்கும், கடைசியில இந்த வரியில இத்தனை திருத்தம்னு ஒரு குறிப்பும் இருக்கும். எதையும் படிக்காம கையெழுத்துப் போடமாட்டாரு. படிக்காம எதையும் தூக்கியும் போடமாட்டாரு. பஸ் டிக்கெட் பின்பக்கம், மாத்திரை டப்பாக்குள்ள மடிச்சு வெச்சிருக்கற காகிதம், எல்லாம் படிப்பாரு. யாராவது கல்யாணப் பத்திரிகை கொண்டாந்தா செவப்புப் பென்சிலோட உக்காந்துடுவாரு. எட்டாவதுல அவரு கையெழுத்தை நானே போட்டு ரேங்க் கார்டு கொண்டு போனேன். மூணு வருஷம் கழிச்சுப் பரண்ல பழைய பேப்பர் எடுக்கும்போது கண்டுபிடிச்சாரு. மூணு வருஷம் கழிச்சு அடி வாங்கினேன்க்கா. எதுக்குன்னே எனக்கு மறந்துபோச்சு.

அப்படிப்பட்ட மனுஷனை நான் ஏமாத்தியிருக்கேன். அதான் கதை.

அண்ணன் மூணு வருஷம் முன்னாடி போன்ல விஷயத்தைச் சொன்னான். அப்பா முழுசாக் கேட்டாரு. கேட்டுட்டு போனை அம்மா கையில குடுத்துட்டு, குளிக்கப் போயிட்டாரு. அவ்வளவுதான். அன்னியிலேருந்து அவன் பேரை எடுக்கல. அம்மாகிட்ட "உன் பையன்"னு ஜாடையாச் சொல்றதோட சரி. அவன் போன் பண்ணினா எழுந்து போயிடுவாரு. அம்மா துணி காயப்போடறேன்னு மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுவாங்க. ஒரு பாவாடையை எடுத்துக்கிட்டு ஒரு மணி நேரம் காயப்போடுவாங்க.

அண்ணனுக்கு ஒரு நப்பாசை இருந்துச்சு. நம்ம நாட்டுல சட்டம் வந்துட்டா அப்பா ஒத்துக்குவாருன்னு. ஏன்னா அப்பாவுக்குச் சாமியை விட சட்டம் பெருசு. ஸ்டாம்பு ஒட்டி சீல் வெச்சுக் குடுத்தா பேய் இருக்குன்னுகூட நம்புவாரு. சுப்ரீம் கோர்ட்டுல கேஸ் நடந்துச்சே, 2023ல தீர்ப்பு வந்துச்சே, அன்னிக்கு நான் ஆபீஸ்ல பாத்ரூம்ல நின்னு போன்ல பாத்தேன். முடியாது, இதுக்குச் சட்டம் போடறது பார்லிமென்ட் வேலைன்னு சொல்லிட்டாங்க. நான் அழுதுட்டேன். அண்ணன் "சரி விடு தேனு"ன்னு ஒரு வரி அனுப்பினான். என் பேரு தேன்மொழி.

வீட்டுக்கு வந்தா அப்பா டிவி முன்னாடி. என்னைப் பாத்ததும், அந்தத் தீர்ப்பு முழுசும் பிரிண்ட் எடுத்துட்டு வான்னாரு. முந்நூத்துச் சொச்சம் பக்கம்க்கா. ஸ்பைரல் போட்டுக் குடுத்தேன். மூணு வாரம் படிச்சாரு. செவப்புப் பென்சில்ல கோடு போட்டுக் கோடு போட்டு. ஜெயிச்சுட்டோம்ங்கற சந்தோஷத்தை ஒவ்வொரு பக்கமா அனுபவிக்கிறாரு பாருன்னு எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. கடைசிப் பக்கம் முடிச்சுட்டு, "ஆளாளுக்கு இன்னொருத்தன் எழுதட்டும்ங்கறான். யாராச்சும் ஒருத்தன் எழுதித்தானே ஆகணும்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு. எந்தப் பத்திரத்தை நெனச்சுக்கிட்டு சொன்னாரோ.

சரி, இங்க ஆகாதுன்னதும் அங்கயே பண்ணிக்கறோம்னு முடிவு பண்ணினாங்க. அங்கதான் மாட்டினோம். ஜெர்மன்காரங்க சும்மா கட்டி வெக்க மாட்டாங்க போலருக்கு. இந்த ஆளுக்கு இதுக்கு முன்னாடி கல்யாணம் ஆகலன்னு சொந்த ஊர்லேருந்து தாசில்தார் சான்று வேணும்னாங்க. அது போதாதுன்னு அப்பா அம்மா ரெண்டு பேரும் பிரமாணப் பத்திரம் குடுக்கணும்னாங்க. ஸ்டாம்பு பேப்பர்ல, நோட்டரி முன்னாடி. பாருங்க, உலகத்துல எத்தனையோ பேர் இருக்கும்போது, எங்கப்பா கையெழுத்துதான் வேணும்னு கேக்கறாங்க. அது இல்லன்னா பதினாலாந்தேதி இல்ல. அடுத்த தேதி எப்பன்னு அவங்களுக்கே தெரியாது.

அண்ணன் விட்டுடலாம்னான். அப்பாகிட்ட கேக்கவே கூடாதுன்னான். ஒரு தடவை சொன்னதுக்கே போனைக் குடுத்துட்டுப் போயிட்டாரு, ரெண்டாவது தடவை கேக்க என்னால முடியாது தேனுன்னான். அப்பதான்க்கா நான் களத்துல குதிச்சேன்.

அப்பாகிட்ட போய், அண்ணனோட விசா புதுப்பிக்கணும், அதுக்கு இந்தப் பேப்பர் வேணும்னு சொன்னேன்.

"விசாவுக்குக் கல்யாணம் ஆகலன்னு எதுக்குக் கேக்கறான்?"

"அந்த ஊர்ல அப்படித்தான்ப்பா. குடும்பம் இருந்தா வேற ஃபாரம், இல்லன்னா வேற ஃபாரம்."

என்னை ஒரு நிமிஷம் பாத்தாரு. "ஓகோ"ன்னாரு. நம்பிட்டாருக்கா. வயசாயிருச்சு பாவம், முன்ன மாதிரி இல்ல.

இ-சேவையில அப்ளிகேஷன் போட்டேன். பத்து நாள்ல வி.ஏ.ஓ. மேடம் விசாரணைக்கு வந்துட்டாங்க, ஸ்கூட்டியில. தெருவே கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு பாக்குது. அம்மா காபி குடுத்தாங்க. மேடம் பேப்பரைப் பாத்துட்டு, "உங்க பையனுக்குக் கல்யாணம் ஆகலைங்களா ஐயா?"ன்னு அப்பாகிட்ட கேட்டாங்க. மூணு வருஷமா அவனைப் பத்தி வாயைத் திறக்காத மனுஷன்.

"ஆகல"ன்னாரு. காபியை ஒரு வாய் குடிச்சுட்டு, "ஆகணும்"னாரு.

எவ்வளவு குத்தல் பாத்தீங்களா? பெத்த பிள்ளையை அரசாங்க அதிகாரி முன்னாடி குத்திக் காட்டறாரு. அந்த மேடம் இதான் சமயம்னு, எங்க சித்தி பொண்ணு பி.ஃபார்ம் முடிச்சிருக்கு, ஜாதகம் அனுப்பட்டுமான்னு ஆரம்பிச்சுட்டாங்க. அம்மா டம்ளரை வாங்கிக்கிட்டே, "பாத்தாச்சும்மா. ரயில்வே இன்ஜினியரு. அங்கயேதான்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. எனக்குக் காபி மூக்குல ஏறிருச்சு. அப்பா பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாரு. கோவம் வந்தா அப்படித்தான் பண்ணுவாரு. சந்தோஷம் வந்தாலும் அப்படித்தான் பண்ணுவாரு, ஆனா அன்னிக்குக் கோவம்தான்.

சான்று வந்துருச்சு. தெருவெல்லாம் செழியனுக்குக் கல்யாணமாமேன்னு ஒரே பேச்சு. பொண்ணு ரயில்வேயாமே, ஃப்ரீ பாஸ் உண்டான்னு எதுத்த வீட்டு அக்கா கேக்கறாங்க. நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கல. வீட்டுல இந்த ரகசியத்தைக் கட்டிக் காப்பாத்தினது நான் ஒருத்திதான். அம்மாவுக்கு மொட்டை மாடி. அப்பா புதுசா வாக்கிங் ஆரம்பிச்சிருந்தாரு. சுகர் கிடையாது, பிரஷர் கிடையாது, சாயங்காலம் ஆச்சுன்னா போனை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு ஏரிக்கரைப் பக்கம் போயிடறாரு, ஒரு மணி நேரம். அவங்கவங்க உடம்பை அவங்கவங்க பாத்துக்கறாங்க, நான்தான் நாய் மாதிரி அலையறேன்னு அண்ணன்கிட்டயே புலம்பினேன். அவன் சிரிக்கிறான்.

ஒரு நாள் பெரிய கண்டம் வந்துச்சுக்கா. மத்தியானம் சாப்பிட்டுட்டு இருந்தோம். ரசம் ஊத்திக்கிட்டே அப்பா கேட்டாரு:

"அந்தப் பையனோட தகப்பனார் பேரு என்ன?"

மூணு வருஷத்துல மொத தடவை நிரோஜன் அண்ணாவைப் பத்திக் கேக்கறாரு, அதுவும் அப்பா பேரு. எதுக்கு? அந்தக் குடும்பத்தைத் தேடிப் புடிச்சு, போன் போட்டுத் திட்டறதுக்குத்தானே? உங்க பையன் என் பையனைக் கெடுத்துட்டான்னு பேசறதுக்குத்தானே? பதினாலாந்தேதி நெருங்குது. நிரோஜன் அண்ணாவோட அப்பா பேரு பரராஜசிங்கம். நல்ல மனுஷன், வீடியோல என்னைப் பாத்து "பிள்ளை, நல்லா மெலிஞ்சிட்டீர்"னு வருத்தப்பட்டவரு. அவரைப் போய்க் காட்டிக் குடுப்பனா? நிமிர்ந்து பாத்தேன். அப்பா தலைக்கு மேல செவுத்துல எவர்சில்வர் கடைக் காலண்டர். அடியில கடைக்காரர் பேரு.

"குழந்தைவேலு"ன்னேன்.

அப்பா திரும்பிக் காலண்டரைப் பாத்தாரு. தேதி பாத்தாருன்னு நெனக்கிறேன். "ம்"னு சொல்லிட்டு இன்னொரு கரண்டி ரசம் கேட்டாரு. எப்படி சமாளிச்சேன் பாத்தீங்களா? ஒரு செகண்ட்ல.

கடைசியில நேத்து நோட்டரி ஆபீஸ். பத்திரத்தை நானே டைப் பண்ணியிருந்தேன். மகன் இளஞ்செழியனுக்கு இதுநாள்வரை யாருடனும் திருமணம் நடைபெறவில்லை, வெளிநாட்டில் பதிவு செய்வதற்காக இந்தப் பிரமாணம். என்ன பதிவுன்னு எழுதல பாருங்க, அங்கதான் என் மூளை. நடுவுல நடுவுல இடம் விட்டு விட்டு, பெரிய எழுத்தா, ரெண்டு பக்கம் வர்ற மாதிரி. அம்மா மொத கையெழுத்துப் போட்டாங்க. அப்பா முன்னாடி வெச்சேன். சட்டைப் பையைத் தொட்டுப் பாத்தாரு.

"கண்ணாடியைக் கொண்டாரல. எங்க போடணும்னு காட்டு."

கேட்டுக்கங்கக்கா. பத்திரம் தங்கராசு. படிக்காம. நான் வெரலை வெச்ச இடத்துல போட்டாரு. பஸ் டிக்கெட்டைப் படிக்கிற மனுஷன். எனக்குச் சந்தோஷத்துல அங்கயே குதிக்கணும் போல இருந்துச்சு, ஒரு பக்கம் பாவமாவும் இருந்துச்சு. அப்புறம் அம்மாவோட ஆதார் ஜெராக்ஸ் சரியில்ல, போய் நல்லா எடுத்துட்டு வான்னு என்னை அனுப்பினாரு. ஜெராக்ஸ் கடையில கரண்ட் இல்ல, அடுத்த தெரு போய்ட்டு வர அரை மணி நேரம். திரும்பி வந்தா சீல் எல்லாம் போட்டு, கவருக்குள்ள வெச்சு, கோந்து தடவி ஒட்டி, ஒட்டின இடத்து மேலயும் ஒரு கையெழுத்துப் போட்டு வெச்சிருந்தாரு. பிரிக்காம கொண்டு போய்க் குடுன்னாரு. அம்மா ஏனோ மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருந்தாங்க. அந்த ரூம்ல ஒரே தூசி.

நாளைக்குக் காலையில பத்தரைக்கு மெட்ராஸ்ல ஜெர்மன் தூதரகத்துல அப்பாயின்ட்மென்ட். குடுத்துட்டா முடிஞ்சுது. ஒருநாள் அப்பாவுக்குத் தெரியத்தான் போகுது, தன் கையெழுத்தை வெச்சுத்தான் அந்தக் கல்யாணம் நடந்துச்சுன்னு. அன்னிக்கு என்ன பண்ணுவாரோ. அவரு என்கூடவும் பேசாமப் போயிட்டா, அந்த வீட்டுல அப்புறம் யார்கூடதான் பேசுவாரு?

இருங்க, அவரு கையெழுத்தைக் காட்டறேன். முத்து முத்தா இருக்கும். பிரிக்கக் கூடாதுதான். நாளைக்கு அங்க பிரிக்கத்தானே போறாங்க. கையெழுத்துப் போட்ட இடத்தைத் தொடாம, பக்கவாட்டுல... உங்ககிட்ட ஊக்கு இருக்கா? ஹாங், இது போதும். கடலைக் கையைத் தொடச்சுக்கறேன். பஸ்ஸு ஆடாம இருக்கணும். மெதுவா... வந்துருச்சு.

பாருங்க. இது தாசில்தார் சான்று. இது பிரமாணப் பத்திரம். இது அம்மா கையெழுத்து, கோழி கிண்டின மாதிரி. இது அப்பா. அழகா இருக்குல்ல?

என்ன? எந்த வரி?

இது நான் டைப் பண்ணலயே.

இல்லக்கா, நான் விட்டிருந்த இடத்துல கையால எழுதியிருக்கு. அவரு எழுத்துதான். பக்கத்துலயே கையெழுத்து, நோட்டரி சீல். கீழ குறிப்பு வேற, இரண்டாம் பக்கத்தில் இடைச்செருகல் ஒன்றுன்னு. கண்ணாடி இல்லன்னாரே. இருங்க, படிக்கிறேன்.

"மேற்படி என் மகன் இளஞ்செழியன், ஜெர்மனி நாட்டில் வசிக்கும் திரு. பரராஜசிங்கம் அவர்களின் குமாரர் நிரோஜன் என்பவரைத் திருமணம் செய்துகொள்வதில் எனக்கும் என் மனைவிக்கும் பூரண சம்மதம். இதை நல்ல நினைவோடும், முழு மனதோடும், யாருடைய தூண்டுதலும் இன்றி எழுதிக் கொடுக்கிறேன்."

பரராஜசிங்கம்.

நான் சொல்லலக்கா. நான் குழந்தைவேலுன்னுதான் சொன்னேன். அம்மா சொல்லியிருந்தா என்கிட்ட உளறியிருப்பாங்க. அப்ப அண்ணன்தான் சொல்லியிருக்கணும். அண்ணன் எப்படி... ஏரிக்கரை. போனைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, சாயங்காலம் சாயங்காலம். அங்க அவனுக்கு மத்தியானம், சாப்பாட்டு நேரம். அதான் அந்த நேரத்துல நான் போன் போட்டா அவன் எடுக்கறதே இல்ல. நாய் மாதிரி அலையறேன்னு நான் புலம்பினப்போ அதுக்குத்தான் சிரிச்சிருக்கான்.

யாருடைய தூண்டுதலும் இன்றியாம். கேட்டீங்களாக்கா இந்த அநியாயத்தை? அப்ப மூணு மாசமா இ-சேவைக்கும் தாலுகா ஆபீஸுக்கும் நடந்தது யாரு? விசான்னு பொய் சொன்னது யாரு? பல்லைக் கடிச்சுக்கிட்டு ரகசியம் காத்தது யாரு? அந்த வரியில ஒரு ஓரத்துல என் பேரைப் போட்டா என்ன? இடைச்செருகல் ரெண்டுன்னு எழுதிட்டுப் போறது.

இருங்க, போன் போடறேன். விடமாட்டேன். ஸ்பீக்கர்ல வேண்டாம், பஸ்ஸே கேக்கும்.

அப்பா. நான்தான். விக்கிரவாண்டி டோல் கிட்ட. ஆமா. இல்ல. இல்லப்பா, பிரிக்கல. சும்மாதான் போன்... ஊக்கா? ஊக்கு எதுக்குப்பா எனக்கு? சரி. சரிப்பா. ஆமா, பிரிச்சேன். படிச்சேன். ரெண்டு தடவை. தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல.

என்னது?

அப்பா, வெச்சிடாதீங்க. அப்பா.

வெச்சுட்டாரு.

என்ன சொன்னாரா? மெட்ராஸ்ல வேலை முடிஞ்சதும் நிரோஜன் தம்பிக்கு ஒரு வேட்டி எடுத்துட்டு வா, நல்ல உயரம்ங்கறான் உங்கண்ணன், பாத்து எடுன்னாரு. அப்புறம் எவர்சில்வர் கடையில நிச்சயத்துக்குத் தாம்பாளம் வாங்கணும், வரும்போது அப்படியே குழந்தைவேலு சம்பந்தியைப் பாத்துட்டு வாம்மான்னாரு.

அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் குடுங்கக்கா. அழலக்கா. கடலை காரம்.